செஞ்சியில் ஒரு பூட்டும் என் சுத்தியலும்

மருமக்களே! வலது கையை நெஞ்சில் வைத்து, இடது கையில் காபி டம்ளரைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்கிறேன். இப்போது நான் சொல்லப்போகும் கதையை உங்களில் ஒருவரும் நம்பப்போவதில்லை. என் வீட்டுக்காரியே நம்பவில்லை. நாற்பது வருடமாக என் பேச்சில் எதையுமே நம்பாதவள் இதை மட்டும் நம்பிவிடுவாளா என்ன? இருந்தாலும் எழுதுகிறேன். எழுதாவிட்டால் இந்தக் கோபம் உள்ளேயே கொதித்து ஒரு நாள் காது வழியாக ஆவி கிளம்பும். பக்கத்து வீட்டுக்காரர் அதில் இட்லி அவிப்பார்.

அடியேன் உலகப் புகழ் பெற்ற லேத் ஆபரேட்டர். அம்பத்தூரில் ஒரு பட்டறையில் முப்பது வருடம் இரும்பு சீவினேன். நான் சீவிய இரும்புச் சுருளை நீட்டினால் நிலாவுக்கு மூன்று முடிச்சுப் போடலாம். அதே பட்டறையின் கேன்டீனில் சமைத்தவன் ஜெயராஜ். செஞ்சிப் பக்கத்துக் கிராமத்துக்காரன். பட்டறை மூடியதும் ஊருக்கே போய்விட்டான். போன ஆவணி மாதம் ஒரு காலையில் போன் செய்தான்.

“மச்சான், எம்பொண்ணு எஸ்தருக்குக் கல்யாணம். நீ வந்தே ஆவணும்.”

“எந்த மண்டபம்டா?”

“மண்டபம்லாம் இல்ல. நம்ம ஜெபவீட்டுலதான்.”

“அதத்தான் பூட்டிட்டாங்கன்னு சொன்னியே?”

“பூட்டிதான் இருக்குது. கல்யாணம் அங்கதான்.”

விஷயம் இதுதான். ஊருக்கு வெளியே காலனி. காலனி ஓரத்தில் ஒரு ஓலைக்கொட்டகை. இருபது வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அதற்குள் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் தலைவலி வரவில்லை. போன வருடம் வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டி, ஓலையைப் பிரித்துவிட்டு செங்கல் சுவரும் தகரக் கூரையும் இரும்புக் கதவும் போட்டார்கள். வெளிர் நீலத்தில் சுண்ணாம்பு அடித்தார்கள். அடுத்த வாரமே ஊருக்குள்ளிருந்து நாலு பேர் வந்து ஒரு பூட்டைப் போட்டுவிட்டார்கள். மதம் மாற்றுகிறார்கள் என்றார்கள். மைக் சத்தம் என்றார்கள். ஒருவர் தன் மாடு பால் வற்றியதற்கும் இதுதான் காரணம் என்றார். ஓலையாக இருந்தவரை மாடு கறந்தது, சிமெண்ட் பூசியதும் வற்றிவிட்டது! காலனிக்காரன் கூரை உயர்ந்ததைப் பொறுக்க முடியவில்லை என்று நேராகச் சொல்ல வாய் வராதவர்கள் மாட்டைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள்.

அப்புறம் மனு. அமைதிப் பேச்சுவார்த்தை. தேதி தள்ளிவைப்பு. இரண்டு தரப்பும் அமைதி காக்க வேண்டும் என்று ஒரு முடிவு. அடேயப்பா, என்ன நீதி! பூட்டியவனும் அமைதி காக்கணும், பூட்டப்பட்டவனும் அமைதி காக்கணும். என் சட்டையைக் கழற்றிக்கொண்டு ஓடியவனையும், வெற்று உடம்போடு நிற்கும் என்னையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, இருவரும் குளிரைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்பது மாதிரி.

நானும் பிறவிக் கிறிஸ்தவன்தான். சென்னையில் என் சபைக்கு ஏசி உண்டு. எங்கள் சபையும் பெரிய பாடுகளை அனுபவித்தது. மின்விசிறி எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று கிழக்கு வரிசைக்கும் மேற்கு வரிசைக்கும் மூண்ட யுத்தத்தில் ஆறு மாதம் யாரும் யாரிடமும் பேசவில்லை. நான் பெஞ்சில் உட்கார்ந்தபடியே ஜெபம் செய்கிறவன். எனக்கு முட்டி வலி. எல்லாரும் முழங்காலில் நிற்கும்போது என் முட்டியைத் தட்டிக்காட்டி டாக்டர் பெயரைச் சொல்லிவிடுவேன். பதினைந்து வருடமாகக் கடவுளும் அந்த மருத்துவச் சான்றிதழை ஏற்றுக்கொண்டிருந்தார்.

போனை வைத்ததும் பரணில் ஏறி என் பழைய சுத்தியலை எடுத்தேன். ஒன்றரைக் கிலோ. மஞ்சப்பையில் வேட்டிக்கு நடுவில் சுருட்டினேன். கல்யாணத்துக்கு மாமன் சீர் கொண்டுபோக வேண்டாமா?

கிளாம்பாக்கத்தில் காலை ஆறேகாலுக்குத் திருவண்ணாமலை பஸ். செஞ்சிக்கு நூற்றிருபது கிலோமீட்டர் சுமார். நான் கொடுத்தது நூற்று நாற்பத்தைந்து ரூபாய். திண்டிவனம் வரை காலை நீட்டி வந்தேன். அங்கே பஸ்ஸுக்குள் ஒரு மாவட்டமே ஏறியது. அன்றைக்கு அமாவாசை என்பதை நான் கவனிக்கவில்லை. மேல்மலையனூர் அங்காளம்மனைப் பார்க்கப் போகிற கூட்டம். என் மடியில் ஒரு எலுமிச்சம்பழப் பை, தோளில் ஒரு குழந்தை, காலடியில் ஒரு சேவல். சேவலுக்கும் எனக்கும் செஞ்சி வருவதற்குள் நல்ல பழக்கமாகிவிட்டது. பத்து மணிக்கு இறங்கினேன்.

கல்யாணம் மறுநாள்தானே, கோட்டையை ஒரு கை பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். பஸ் நிலையத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய், நுழைவுச்சீட்டு இருபத்தைந்து. வாசலில் காவலாளி பையைத் திறக்கச் சொன்னார்.

“இன்னா சார் இது, சுத்தியலு? கோட்டைய ஒடைக்க வந்துக்கிறியா?”

“இல்லைங்க. இது வேற ஒரு இடத்துக்கு.”

“வேற கோட்டையா?” என்று கேட்டுவிட்டு, சுத்தியலைத் தன் நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டார். “எறங்கி வந்து வாங்கிக்கோ. மேல கொரங்கு புடுங்கிக்கிச்சின்னா அப்புறம் அதுதான் இங்க ராஜா.”

ராஜகிரிக்கு எத்தனை படி என்று கேட்பீர்கள். என் கணக்கில் ஒரு லட்சத்து எண்பதாயிரம். பாதி வழியில் என் ஆவி பிரிந்து எனக்கு முன்னால் ஏறிப்போய், மேலிருந்து கையசைத்தது. ஒரு கிழட்டுக் குரங்கு என் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கி, மூடியைத் திருகித் திறந்து குடித்து, காலி பாட்டிலை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தது. உச்சியில் காற்று மட்டும் பொய் இல்லை. எத்தனையோ ராஜாக்கள் அடித்துப் பிடுங்கிய கோட்டை, வாசலுக்கு மேல் வாசல். எந்த வாசலுக்கும் இன்று பூட்டைக் காணோம். பூட்டியவர்களையும் காணோம். முட்டி இரண்டும் என்னைச் சபிக்க, இரண்டு மணிக்கு இறங்கி என் ஆயுதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

கிராமத்துக்குப் பதினான்கு கிலோமீட்டர். அமாவாசை என்பதால் டவுன் பஸ்ஸெல்லாம் மலையனூருக்கு ஸ்பெஷலாகப் போய்விட்டன. முந்நூற்றைம்பது ரூபாய் பேசி ஏழுமலை என்பவரின் ஆட்டோவில் ஏறினேன். நெற்றி நிறைய அங்காளம்மன் விபூதி, கண்ணாடியில் தொங்கும் எலுமிச்சம்பழம். வழியில் விஷயத்தைச் சொன்னேன்.

“நாளைக்கா கல்யாணம்? நாளைக்குப் பாட்டிமை சார்! அமாவாசைக்கு மறுநாளு யாராவது நல்ல காரியம் பண்ணுவாங்களா?”

“அவங்க அதெல்லாம் பாக்கறதில்ல. பந்தல் வாடகை பாதியாம்.”

ஏழுமலை சிரித்துச் சிரித்து ஆட்டோவைக் குழியில் இறக்கினார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, “அந்தப் பூட்டு மேட்டரு எனக்கும் தெரியும் சார். எங்க அங்காளம்மா யாரு வூட்டையாவது பூட்டச் சொல்லிச்சா? இவங்களா போட்டுட்டு சாமி பேரச் சொல்றானுங்க” என்றார். இறக்கிவிட்டபோது, “நாளைக்கி சவாரி இல்ல. நானும் வரேன், சாப்பாடு உண்டில்ல?” என்று கேட்டுக்கொண்டார்.

ஜெயராஜ் அடுப்பு போட மண் வெட்டிக்கொண்டிருந்தான். பெண்ணின் கல்யாணத்துக்கும் அவனே சமையல்காரன். நான் நேராக ஜெபவீட்டுக்குப் போனேன். பூட்டைப் பார்த்தேன். மருமக்களே, அது பூட்டா! ஆனைக்குட்டி அளவு. (சரி, என் கையளவு.) இரும்புக் கதவின் அடியில், தரையை ஒட்டிய கொண்டியில் மாட்டியிருந்தது. அதன் முன்னால் ஜெயராஜின் மனைவி ராகேல் முழங்காலிட்டிருந்தாள். கையில் ஒரு கோழி இறகு, பக்கத்தில் தேங்காயெண்ணெய் பாட்டில். இறகை எண்ணெயில் தோய்த்து சாவித் துவாரத்துக்குள் விட்டு எடுத்தாள்.

“என்னம்மா பண்ற?”

“வாண்ணா! எப்ப வந்த, சாப்டியா? எண்ண வுடறேன். இந்த வாரம் என் மொற.”

“பூட்டுக்கா?”

“மழையில துருப் புடிச்சிக்கும்ண்ணா. அப்புறம் அவங்க தொறக்க வரும்போது சாவி சுத்தாதில்ல?”

“தொறக்க வருவாங்களா?”

“வராம எங்க போவாங்க?”

வாராவாரம் ஒரு வீடு. முறை வைத்து எண்ணெய் விடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கதவுக்கு வெளியே, சிமெண்ட் வாசலில் பாய் விரித்து, பூட்டைப் பார்த்தபடி உட்கார்ந்து பாடுகிறார்கள். பூட்டு விழுந்த நாளிலிருந்து ஊர்க்காரர்கள் இவர்களை மணிலா, அதாவது வேர்க்கடலை, பிடுங்கக் கூப்பிடுவதில்லை. பெண்கள் விடியும் முன் வேன் ஏறி எங்கேயோ போய்க் கூலி வேலை செய்துவிட்டு வருகிறார்கள். அந்தக் கூலியில் வாங்கிய எண்ணெய்!

கத்தினேன். செஞ்சிக் கோட்டையின் உச்சியில் அந்தக் கிழட்டுக் குரங்கு திடுக்கிட்டு விழித்திருக்கும். வயிற்றில் அடித்தவனின் பூட்டுக்குத் தலைக்கு வைக்கிற எண்ணெயா? உங்களுக்கு ரோஷம் இல்லையா? ரத்தம் இல்லையா?

“கத்தாதண்ணா, மாடு மெரளுது” என்றாள் ராகேல். இறகைத் துடைத்துச் சுவர் இடுக்கில் செருகினாள்.

சாப்பிடும்போது ஜெயராஜ் இன்னொரு குண்டைப் போட்டான். பூட்டுப் போட்ட நாலு பேரில் மூத்தவர், சாவியை வைத்திருக்கிறவர், அவருக்கும் பத்திரிகை வைத்தானாம். வெற்றிலை பாக்கோடு.

“வாங்கினாரா?”

“கையில வாங்கல. சன்னல்ல வெச்சிட்டுப் போவச் சொன்னாரு.”

“வெச்சியா?”

“வெச்சேன். ஊருல கல்யாணம்னா எல்லா வூட்டுக்கும் வெக்கிறதுதானே மச்சான். அவரு வூட்ட மட்டும் வுட்டா, அப்புறம் அவருக்கும் நமக்கும் இன்னா வித்தியாசம்? சோத்தத் தின்னு, ஆறுது.”

எனக்குச் சோறு இறங்கவில்லை. (மூன்று முறைதான் வாங்கிச் சாப்பிட்டேன்.)

மறுநாள் காலை எட்டு மணிக்குத் திண்டிவனத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டு வேன் வந்தது. ஜெபவீட்டு வாசலில் பந்தல், கீழே பாய்கள், எதிரே பூட்டிய கதவு. மாப்பிள்ளையின் சித்தப்பா இறங்கிப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டினார்.

“பூட்டின கதவு முன்னால கல்யாணமா? நாங்க இன்னா அனாதையா? எங்க ஊர்ல ஆயிரம் பேரு ஒக்கார்ற சபை இருக்குது. ஏறுங்க வேன்ல, அங்க போயி முடிச்சிடலாம். இல்லன்னா இந்தச் சம்பந்தமே வேணாம்.”

ஜெயராஜ் கரண்டியோடு அப்படியே நின்றான். என் நேரம் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. பையிலிருந்து சுத்தியலை உருவினேன். ராஜ நடை நடந்து பூட்டுக்கு முன்னால் போய் நின்றேன். ஒரே அடி! அதற்கப்புறம் எவன் கேட்கிறான் பார்ப்போம்!

ஓங்கிய கையை யாரோ பிடித்தார்கள். திரும்பினேன். எஸ்தர். வெள்ளைப் பட்டுச்சேலை, தலையில் பூ முடி. செஞ்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், பிடி சரியான பிடி.

“குடுங்க மாமா.”

“விடும்மா! இது என் கடமை!”

“நீங்க அடிச்சிட்டு சாயங்காலம் பஸ் ஏறிடுவீங்க. நாங்க இங்கதான் இருக்கணும். இப்ப அவங்கதான் பூட்டுனவங்க. இத நாம ஒடைச்சா நாளையிலேர்ந்து நாமதான் ஒடைச்சவங்க. கேஸு யாரு மேல வரும்?”

“உனக்குக் கோபமே வரலயா?”

“வராமயா? எனக்கு வர்ற கோவத்துக்கு இந்தக் கதவையே தூக்கிப் போட்டுடுவேன். குடுங்க சுத்தியல.” பிடுங்கிக்கொண்டாள். “அங்க பந்தக்கால் ஆடுது. முளைய அடிங்க, புண்ணியமாப் போவும்.” சுத்தியலை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு சித்தப்பாவிடம் போனாள்.

“சித்தப்பா, நாங்க இன்னிக்கி வேன்ல ஏறிட்டா, இந்த எடத்த காலி பண்ணிட்டோம்னு ஆயிடும். அடுத்த ஞாயித்துக்கெழம எங்கம்மா எங்க போயி ஒக்காருவாங்க? கல்யாணம் நடந்தா இங்க. இல்லன்னா நீங்க சொன்ன மாதிரியே ஆவட்டும்.”

சித்தப்பா மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளைப் பையன் சாமுவேல் முன்னால் வந்தான். செருப்பைக் கழற்றினான். பாயில் போய்ச் சப்பணமிட்டு உட்கார்ந்தான். அவ்வளவுதான். சித்தப்பா மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துவிட்டார். நான் பந்தக்காலுக்கு முளை அடித்தேன். அந்த ஊர்ப் பூமி பிளந்து மறுபக்கம் அமெரிக்கா தெரிகிற அளவுக்கு அடித்தேன்.

ஒன்பதரைக்கு போலீஸ்காரர்கள் இருவர் வந்து மைக் போடக்கூடாது என்று சொல்லிவிட்டு நிழலில் உட்கார்ந்தார்கள். மணப்பெண் நடந்து வரும்போது மேளமும் இல்லை, பாட்டுப்பெட்டியும் இல்லை. அப்போது ரோட்டில் நின்ற ஆட்டோவிலிருந்து ஏழுமலை ஹாரன் அடிக்க ஆரம்பித்தார். விட்டு விட்டு, ஒரு தாளத்தோடு. போலீஸ்காரர் எழுந்தார்.

“யோவ்!”

“மைக்குதான் கூடாதுன்னீங்க சார். ஹாரனுக்கு இன்னா?”

எழுந்தவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எஸ்தர் ஆட்டோ ஹாரனுக்கு நடந்து வந்தாள். பாஸ்டர் மொபெட்டில் வந்த களைப்போடு கல்யாண உறுதிமொழி சொல்லிக்கொடுத்தார். மோதிரம் மாற்றினார்கள். தாலி ஏறியது. பூட்டு பார்த்துக்கொண்டிருந்தது.

அப்புறம் ஜெபம். பெண்ணின் தாய் ஜெபிக்கிறது அவர்கள் வழக்கம். ராகேல் எழுந்தாள். தண்ணீர் தொட்டிக்குப் பக்கத்தில், பைக்கில் ஒரு காலை ஊன்றி, சாவிக்காரர் நின்றிருந்தார். வந்தேவிட்டார், ஆனால் ரோட்டைத் தாண்டவில்லை. மைக் இல்லாததால் ராகேல் உரக்கத்தான் ஜெபித்தாள். பிள்ளைகளுக்காக, மழைக்காக. அப்புறம் அந்தப் பெரியவரின் பெயரைச் சொல்லி, “அவரு மருமவளுக்கு மாசம் ஆயிடுச்சி ஆண்டவரே, தாயும் புள்ளையும் ரெண்டு உசுரா நல்லபடியா பிரிஞ்சி வரணும்” என்றாள்.

என் பல்லை நான் கடித்த சத்தம் போலீஸ்காரருக்குக் கேட்டிருக்கும். அவருக்காகவா? ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒவ்வொரு சொல்லும் கேட்டிருக்கும். இந்த இடத்தில் பூட்டு தானாகத் தெறித்தது, பெரியவர் கண்ணீரோடு ஓடிவந்தார் என்று எழுத என் கை துடிக்கிறது. அப்படியெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. பைக்கை உதைத்தார். போய்விட்டார். சாவியும் அவரோடு போய்விட்டது.

பிறகு கேக் வெட்டுகிற நேரத்தில், அவர்கள் கேக் வெட்டவில்லை. எஸ்தரும் சாமுவேலும் பூட்டுக்கு முன்னால் போனார்கள். அடுத்த வாரத்து முறை எண்ணெயைப் பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து விடுவதாக ஏற்பாடாம். எஸ்தர் தேங்காயெண்ணெய் பாட்டிலைத் திறந்தாள்.

“நிறுத்து!” என்று கர்ஜித்தேன்.

போலீஸ்காரர்கள் இருவரும் எழுந்துவிட்டார்கள். ஜெயராஜ் ஓடிவந்து என் சட்டையைப் பிடித்தான். “மச்சான், வேணாம்டா!”

“தேங்காயெண்ணெய் விடாதீங்கடா பாவிகளா! பனிக்கு உறையும், தூசியைப் பிடிக்கும், பிசின் மாதிரி ஆயிடும். உள்ளே இருக்கிற ஸ்பிரிங் எல்லாம் ஒட்டிக்கும். இத்தனை மாசமா நீங்களே அந்தப் பூட்டைச் சாகடிச்சிட்டு இருக்கீங்க! நாளைக்கு அவர் நிஜமாவே சாவியோட வந்தா திறக்காது!”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ராகேல் வாயில் கையை வைத்துக்கொண்டாள். “அய்யய்யோ. இன்னாண்ணா பண்றது இப்ப?”

அந்தக் கேள்வியில் பயம் இருந்தது. உண்மையான பயம். அவள் முகத்தில் அதை நான் அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். நாலு பேர் வந்து பூட்டியபோது பயப்படாதவள், பூட்டு திறக்காமல் போய்விடுமோ என்று பயந்தாள். எனக்கு அங்கேதான் விளங்கியது. இவர்கள் சும்மா பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் இல்லை. அந்தக் கதவு திறக்கும் என்று நிச்சயமாக நம்பி, அதற்கான வேலையைச் செய்துகொண்டிருப்பவர்கள். எங்கள் ஏசி சபையில் மின்விசிறியின் திசையைத் தவிர வேறு எதையாவது நாங்கள் இவ்வளவு நிச்சயமாக நம்பினோமா?

“மண்ணெண்ணெய் கொண்டா. பழைய துணி. தையல் மிஷின் வெச்சிருக்கிறவங்க யாரு? அந்த எண்ணெய் கொண்டா” என்றேன். கொண்டுவந்தார்கள். பூட்டு தரையோடு இருந்தது. நின்றுகொண்டு எட்டாது. குனிந்தும் எட்டாது. டாக்டர் பெயரைச் சொல்லாமல் முழங்காலிட்டேன்.

ஒரு மணி நேரம் ஆனது. மண்ணெண்ணெயை ஊற்றி ஊற்றிப் பழைய பிசுக்கைக் கரைத்து, துடைத்து, மிஷின் எண்ணெய் விட்டேன். கொண்டியில் இருந்த துருவையும் தேய்த்தேன். சித்தப்பா பக்கத்தில் வந்து துணியைப் பிடித்துக்கொண்டார். “குடுங்க, நானும் ரெண்டு சொட்டு வுடறேன்” என்றார். என் கோபம் போயிருந்ததா என்று கேட்காதீர்கள். ஒரு துளிகூடப் போகவில்லை. அன்றைக்கு அதற்கு ஒரு வேலை கிடைத்தது, அவ்வளவுதான்.

இனி போகிறவர்களுக்கு. அமாவாசையன்று செஞ்சிப் பக்கம் பஸ்ஸை நம்பாதீர்கள். சேவல் பிடிக்கும் என்றால் தாராளமாக நம்பலாம். ராஜகிரி ஏறுவதானால் காலையிலேயே ஆரம்பியுங்கள், மதியத்துக்கு மேல் ஏற விடமாட்டார்கள். இரண்டு லிட்டர் தண்ணீர், நல்ல செருப்பு, கையில் தின்பண்டம் கூடாது. நேரம் மிச்சமிருந்தால் தளவானூர் குடைவரையையும் பார்த்துவிடுங்கள். கூட்டமே இருக்காது. கிராமத்தின் பெயரை நான் சொல்ல மாட்டேன், கேட்டு எழுதாதீர்கள். நீங்கள் போய்ப் பூட்டோடு செல்பி எடுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவீர்கள், அவர்கள்தான் அங்கே இருக்க வேண்டும். இப்படிப்பட்ட இடம் உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே இருக்கும். அங்கே போங்கள். போனால் அறிவுரை கொண்டுபோகாதீர்கள், சுத்தியலும் வேண்டாம். பாயில் இடம் கொடுப்பார்கள், உட்காருங்கள்.

போன வாரம் ஜெயராஜ் பேசினான். பெரியவர் வீட்டில் பேரன் பிறந்திருக்கிறான், சுகப்பிரசவம். பூட்டு இன்னும் தொங்குகிறது. நான் அனுப்பிய மிஷின் எண்ணெய் பாதி தீர்ந்துவிட்டதாம்.

இவ்வளவையும் படித்துவிட்டு என் வீட்டுக்காரி கண்ணாடியைக் கழற்றினாள். “நிலாவுக்கு முடிச்சு, கொரங்குக்கு மரியாதை, அமெரிக்கா தெரிஞ்சது. இதுல எதுதான் நெசம்?”

ஒப்புக்கொள்கிறேன், மருமக்களே. நிலா பொய், குரங்கு பொய், அமெரிக்கா பொய். ஆனால் வேட்டியைத் தூக்கி என் வலது முட்டியை அவளிடம் காட்டினேன். ஜெபவீட்டு வாசல் சிமெண்ட் தரை சொரசொரப்பு, ஒரு மணி நேரத்தில் தோல் உரிந்துவிட்டது. அந்தத் தழும்பு நிஜம்.